ஒரு கல்லில் 40 கிராம் என்றால் தீவெல்லாம் தங்கமா?

ஆவணிமூலத்தான்:
மதுரை தெற்காவணி மூல வீதியில் எங்களுக்கு நகைப் பட்டறை, மூன்று தலைமுறையாகத் தங்கத்தோடுதான் பிழைப்பு. நேற்று மைத்துனர் ஒரு சிறு நிறுவனத்தின் அறிக்கையைக் கொண்டுவந்து, பங்கு வாங்கலாமா என்று கேட்டார். பசிபிக்கில் குட்டி எரிமலைத் தீவு, அங்கே ஓடையோரம் பாறைக்குள் கோடாக ஓடும் வெங்கச்சங்கல் நரம்பு, அதில் ஒரு துண்டைச் சோதித்ததில் டன்னுக்கு 40 கிராம் தங்கமாம். பப்புவா நியூ கினியின் லிஹிர் தீவில் டன்னுக்கு இரண்டு மூன்று கிராமை வைத்தே பெரிய சுரங்கம் ஓடுகிறதே, அப்படிப் பார்த்தால் இது பத்து மடங்குக்கும் மேல். தைரியமாகப் போடலாம் என்று சொல்லிவிட்டேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுங்கள்.

கல்தேடி:
நான் மறுக்கிறேன் அண்ணே. உங்கள் தெருவில் பட்டறை மண் அரிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். விடியற்காலையில் வாசலைக் கூட்டி, சாக்கடை மண்ணையும் வாரிச் சேர்த்து, தட்டில் போட்டு நீரில் சுழற்றி அலசுவார்கள். பட்டறைக்குக் கீழே ஒரு கைப்பிடியில் நல்ல பொடி கிடைத்துவிட்டது என்பதற்காகத் தெரு முழுக்க அதே கணக்கில் யாராவது விலை பேசுவார்களா? தடயம் வேறு, படிவு வேறு. தடயம் என்றால் தங்கம் இருக்கிறது என்ற செய்தி மட்டும்தான். வெட்டி எடுக்கக் கட்டுப்படியாகும் அளவுக்குச் சேர்ந்து கிடந்தால்தான் படிவு.

லிஹிரையும் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள். அங்கே மின்னும் நரம்பை நம்பிச் சுரங்கம் போடவில்லை. பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமத்துக்குள் கண்ணுக்கே தெரியாத அளவில் தங்கம், ஆனால் எரிமலைப் பள்ளம் ஒன்றில் பெரும் பரப்பில் பரவிக் கிடக்கிறது. எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தபோது கீழே இருந்த சூடான நீரின் மேல் அழுத்தம் சட்டென்று குறைந்தது, அதில் கரைந்திருந்த தங்கம் பாறை வெடிப்புகளில் படிந்தது. இன்றும் அங்கே தரைக்கடியில் வெந்நீர் கொதிக்கிறது. 2006ல் அந்த ஆழ்நீரைச் சோதித்தபோது எடையில் நூறு கோடிக்கு 15 பங்கு தங்கம் இருந்தது. அப்படி ஆண்டுக்கு 24 கிலோ மேலே வந்தால் 1,300 டன் படிய சுமார் 55,000 ஆண்டு போதும் என்று கணக்கிட்டார்கள். பாறையியலில் இது கண் சிமிட்டும் நேரம். கோலார் தங்கவயல் பாறைக்கு வயது 270 கோடி ஆண்டு!

ஆவணிமூலத்தான்:
தம்பி, லிஹிரிலும் 1982ல் யாரோ முதல் கல்லை எடுத்துச் சோதித்துத்தானே ஆரம்பித்தார்கள்? இன்னொன்று, நாங்கள் உரைகல்லில் ஒரு ஓரத்தை உரசி வளையல் முழுக்க என்ன மாற்று என்று சொல்கிறோம், அது தப்புவதே இல்லை. ஒரு துண்டு பேசாது என்றால் எங்கள் தொழிலே பொய்யா?

கல்தேடி:
பொய்யில்லை அண்ணே, ஆனால் வளையல் உருக்கி வார்த்தது, எங்கே உரசினாலும் ஒன்றுதான். பாறையை யாரும் உருக்கி வார்க்கவில்லை. ஒரே நரம்பில் ஒரு முழம் தள்ளி எடுத்தால் 40 கிராம் அரை கிராமாகிவிடும். அதிலும் கையால் பொறுக்குகிறவர் கண்ணுக்கு நல்லதாகப் படும் கல்லைத்தான் பொறுக்குவார்.

முறையாகச் செய்தால் முதலில் ஓடை மணலை அலச வேண்டும். மேலே ஏற ஏறத் தங்கத் துகள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சின்னத் தீவில் ஓடை குட்டை, மூலம் தொலைவில் இருக்காது, அந்த ஒரு வசதி உண்டு. அப்புறம் மலைச்சரிவில் கட்டம் கட்டி மண் எடுத்து, தங்கத்தோடு சேர்ந்து வரும் ஆர்சனிக், ஆன்டிமனி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நரம்பைக் கண்டதும் குறுக்கே ஒரே அகலம், ஒரே ஆழத்தில் வாய்க்கால் மாதிரி வெட்டி, அந்தத் தூள் முழுவதையும் சோதிக்க வேண்டும். இவ்வளவும் தேறினால்தான் ஆழத்துப் பாறையை எடுத்துப் பார்க்கத் துளை. துளையிலும் ஏமாற்றலாம். போர்னியோ தீவில் புசாங் என்ற இடத்தில், துளையிலிருந்து எடுத்துப் பொடித்த பாறையில் ஆற்றுத் தங்கத்தைக் கலந்து உலகத்தையே நம்ப வைத்தார்கள், 1997ல் குட்டு உடைந்தது. காட்டிக்கொடுத்தது துகளின் வடிவம். நீரில் உருண்டு வந்த தங்கம் முனை மழுங்கியிருக்கும்.

மேலூர்க்காரி:
இரண்டு பேரும் தங்கம் இருக்கிறதா என்று மட்டுமே பேசுகிறீர்கள். அரிட்டாபட்டியை மறந்துவிட்டீர்களா? 2022ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர், இரண்டே வருஷத்தில் டங்ஸ்டன் ஏலத்தில் வந்தது. ஊரே திரண்டு நின்றதால்தான் 2025 ஜனவரியில் ரத்தானது. எங்களுக்கு நகர்ந்து போக நிலமாவது இருக்கிறது, தீவுக்காரனுக்கு மலை போனால் எதிரே கடல்தான். போகன்வில் தீவில் 1972ல் செம்பும் தங்கமும் எடுக்கத் தொடங்கி, கழிவை ஆற்றில் விட்டார்கள். 1989ல் சுரங்கம் மூடியது, பின்னாலேயே உள்நாட்டுப் போர். மிசிமா தீவில் தங்கச் சுரங்கம் ஓடியது 1989லிருந்து 2004 வரை, பதினைந்தே வருஷம். லிஹிரில் கழிவுக் குழாய் ஆழ்கடலுக்கே போகிறது. சும்மா துளை போட்டுப் பார்க்கிறோம் என்றுதான் எல்லா ஊரிலும் நுழைகிறார்கள்.

கல்தேடி:
போகன்வில் விஷயத்தில் நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன் அக்கா. ஆனால் துளையும் சுரங்கமும் ஒன்றில்லை. பெரும்பாலான தடயங்கள் முதல் சில துளைகளிலேயே செத்துவிடும், அப்புறம் தீவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தைச் சுற்றித்தான் வதந்தியும் பங்கு வியாபாரமும் வருஷக்கணக்கில் ஓடும்.

மேலூர்க்காரி:
செத்தால் சரி. சாகாவிட்டால்? துளைக்கு முன்னால் தீவுக்காரர்களைக் கேட்டார்களா என்று அந்த அறிக்கையில் ஒரு வரி இருக்கிறதா, பாருங்கள் அண்ணே.

ஆவணிமூலத்தான்:
இப்போதுதான் மறுபடி எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மக்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நரம்பின் அகலம் எங்கும் இல்லை. 40 கிராம் கல் நரம்பிலிருந்து உடைத்ததுகூட இல்லை, ஓடையில் கிடந்த தனிக்கல் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மைத்துனரிடம் காலையில் பேசுகிறேன். ஆனாலும் துளையே போடக்கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. தம்பி, அந்தத் தனிக்கல்லின் முனை கூர்மையாக இருக்கிறது, படம் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் மூலம் பக்கத்தில்தானே இருக்கும்?