சினிமாவையும் பாட்டையும் பற்றின ஆவணப்படங்கள்: மனசில நிண்ட ஒரு காட்சி

குளக்கட்டு:
நயன்தாராவின்ர ஆவணப்படத்தில வந்த 3 செக்கன் பிரச்சினை எல்லாருக்கும் தெரியும்தானே. 2015இல வந்த ‘நானும் ரவுடிதான்’ படப்பிடிப்பில எடுத்த துண்டு, கேக்காமல் போட்டதெண்டு அந்தப் படத்தைத் தயாரிச்ச தனுஷ் பக்கத்தால 10 கோடி இந்திய ரூபா கேட்டு நோட்டீஸ், பிறகு 2024 நவம்பர் 18 நெற்பிளிக்ஸில படம். பரந்தன் பக்கம் ஒரு முற்றத்தில அதைப் போட்ட இரவு சனம் முதல்ல கேட்டது ட்ரெய்லரைத்தான். அந்தத் துண்டு வந்தவுடன நிப்பாட்டு, பின்னுக்குப் போ, திரும்பப் போடு. நாலு தரம் போட்டாச்சு. கலியாணச் சோடனையையும் நகையையும் கதைச்சுக் கதைச்சுப் பார்த்த சனம் அதுக்கு மட்டும் மூச்சுக் காட்டேல்லை. ஒரு அம்மா கேட்டா, “இதை ஆர் எடுத்தது, இவ்வளவு நாளும் ஆர் வச்சிருந்தது?” அந்தக் கேள்வி இன்னும் விட்டுப் போகேல்லை.

நந்திக்கடல் காத்து:
குளக்கட்டு, அது சண்டையால வந்த ஆர்வம். சண்டை இல்லாமலே அதைவிடக் கனமான துண்டு இருக்கு. 1969 கோடையில நியூயோர்க் ஹார்லெமில ஆறு ஞாயிறு நடந்த இலவச இசைவிழா. 40 மணித்தியாலமளவு ஒளிப்பதிவு, காட்ட ஆளில்லாமல் 50 வருசம் கிடந்தது. 2021இல ‘சமர் ஒவ் சோல்’ எண்டு வெளியில வந்து அடுத்த வருசம் ஒஸ்கார் எடுத்தது. சின்னப் பெடியனாய் அந்த விழாவுக்குப் போன ஒருத்தர், வளர்ந்த ஆளாய் இருந்து அந்தப் பதிவைப் பார்த்துக் கண்கலங்குறார். தன்ர ஞாபகம் பொய்யில்லை எண்டு அப்பதான் அவருக்கு உறுதியாகுது. முள்ளியவளையில அந்த இடம் ஓடேக்க பின்வரிசையில இருந்த கூத்துக்கார ஐயா எழும்பி வெளியில போயிட்டார். 2009க்கு முதல் அவர் ஆடின கோவலன் கூத்தின்ர வீடியோ ஒண்டுகூட அவரிட்ட இல்லை. உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடின நேரம் கசற்பெட்டியை ஆர் தூக்கினது?

பழைய டெக்:
எல்லாம் போயிட்டுது எண்டு முடிவு கட்டாதேங்கோ. அந்த நாளில கலியாணம், சாமத்தியம், கூத்து எது எடுத்தாலும் வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு பிரதி போகும். அங்க அலுமாரியில கிடக்கும், கேட்டுப் பாருங்கோ. கிடைச்ச கையோட டெக்கில போடாதேங்கோ. சின்ன யன்னலால ரேப்பின்ர ஓரத்தைப் பாருங்கோ. வெள்ளைப் பொடி தெரிஞ்சால் பூஞ்சணம். அதை ஓடவிட்டால் டெக்குக்குள்ள ரேப்பை வாசிக்கிற ஹெட் அடைச்சு, அடுத்துப் போடுற நல்ல கசற்றுக்கும் பூஞ்சணம் ஏறும். பொடி இல்லாட்டி, பின்பக்கத்துப் பிளாஸ்ரிக் துண்டை உடைச்சுவிடுங்கோ, தவறிப் பதிவு விழாது. ஒருக்கால் முழுக்க முன்னுக்கு ஓட்டி, முழுக்கப் பின்னுக்குச் சுத்துங்கோ. வருசக்கணக்காய் ஒட்டிக் கிடந்த ரேப் அப்பதான் இளகும். இதைச் செய்யாமல் பிளே அமத்தினால் இழுபட்டுக் கசங்கும்.

ஹெட் துடைக்கப் பஞ்சுக்குச்சி வேண்டாம், நூல் கொழுவி ஹெட் உடையும். நூல் விடாத துணியில ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைச்சு அசையாமல் பிடிச்சுக்கொண்டு, ஹெட் இருக்கிற உருளையை மற்றக் கையால மெல்லச் சுத்துங்கோ. மேலுங்கீழும் தேய்க்கக்கூடாது. மினிடிவி எண்ட சின்னக் கமெராக் கசற் எண்டால் யூஎஸ்பி வயரை விட்டிட்டு, கமெராவையும் கணினியையும் இணைக்கிற பயர்வயர் எண்ட வயரால எடுங்கோ. ரேப்பில உள்ளது அப்பிடியே வரும், மணித்தியாலத்துக்கு 13 ஜிபி பிடிக்கும். இரண்டு டிஸ்க்கில போட்டு ஒண்டை வேற வீட்டில வையுங்கோ.

இன்னொண்டு. வெட்டித் தொகுத்த சீடி இருக்கெண்டு மூலக் கசற்றை எறியாதேங்கோ. பீற்றில்ஸ் எண்ட ஆங்கிலப் பாட்டுக்குழு 1969 ஜனவரியில ஒத்திகை பார்த்த ஏறக்குறைய 60 மணித்தியாலப் படமும் 150 மணித்தியால ஒலியும் பத்திரமாய்க் கிடந்தபடியால்தான் இயக்குநர் பீற்றர் ஜக்சன் 2021இல எட்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஒரு படம் செய்தார். அந்தக் காலத்தில கழிவு எண்டு ஒதுக்கினதைத்தான் இப்ப உலகம் இருந்து பார்க்குது.

வாசிகசாலை வாங்கு:
நந்திக்கடல், ஆவணப்படம் போடேக்க சனம் எழும்புறதுக்குப் பாதிக் காரணம் எழுத்து வாசிக்கேலாதது. பென்டிரைவை நேர ரீவியில குத்தினால் தமிழ்ச் சப்ரைட்டில் பெட்டி பெட்டியாய் வரும், இல்லாட்டிக் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம். சப்ரைட்டில் இருக்கிற எஸ்ஆர்ரி கோப்பை யூரிஎப்-8 எண்ட எழுத்துக் குறிமுறையில சேமிச்சு, மடிக்கணினியில விஎல்சி எண்ட வீடியோச் செயலியால ஓடவிடுங்கோ. வரி இரண்டுக்கு மேல வேண்டாம். நிலத்தில இருக்கிற சனமெண்டால் திரையின்ர கீழ்விளிம்பு நாலடி உயரத்தில நிக்கவேணும், இல்லாட்டி முன்னால இருக்கிறவையின்ர தலை எழுத்தை மறைக்கும். பத்தடி அகலத் துணிக்கு அஞ்சரை அடிக்குக் கொஞ்சம் கூடின உயரம் காணும். ஒற்றைத் துணியால வெளிச்சம் பின்னுக்குப் போகும், பின்னால ஒரு கறுப்புத் துணி கட்டுங்கோ. குழாய் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். ஆவணப்படம் முழுக்கக் கதைதான், குழாயில சொல் ஒண்டும் விளங்காது. பெட்டி ஸ்பீக்கரைக் காதுயரத்துக்கு வச்சு பேஸைக் குறைச்சுவிடுங்கோ.

நந்திக்கடல் காத்து:
வாங்கு, ஐயா எழுத்து வாசிக்கேல்லை, திரையில இருந்த முகத்தைத்தான் பார்த்தவர். டெக் அண்ணை, ஐயாவின்ர தங்கச்சியிட்ட நோர்வேயில ஒரு கசற் இருக்காம். ஓரத்தில வெள்ளையாய் ஏதோ தெரியுதாம். பார்சலில போடச் சொல்லட்டோ?

பழைய டெக்:
போடச் சொல்லாதேங்கோ. மாரி தொடங்கினால் இங்கத்தை ஈரத்துக்குப் பூஞ்சணம் இன்னும் பிடிக்கும். அங்கயே பூஞ்சணம் துடைக்கத் தெரிஞ்ச கடையில குடுத்து, வெட்டாமல் கோப்பாய் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. வந்தவுடன ஐயாவை இருத்தி ஓடவிடுங்கோ, ஒரு போன் திரையைப் பார்த்தபடி, மற்றது அவற்ற முகத்தைப் பார்த்தபடி. கோவலன் ஆர், கண்ணகிக்கு ஆடினது ஆர், மத்தளம் ஆர், எந்தக் கோயில் எண்டு அவர் சொல்லச் சொல்லப் பதிவாகட்டும். மைக் ஒரு சாணுக்குள்ள இருக்கட்டும். மின்விசிறியை மறக்காமல் நிப்பாட்டுங்கோ, அந்த இரைச்சல் குரலோட கலந்தால் பிரிக்கிறது பெரிய பாடு.