காலையில் கணினி ஆன் ஆகவில்லை, ஃபேன் துடித்து நின்றுவிடுகிறது: எஸ்எம்பிஎஸ்ஸா, மதர்போர்டா?

நீலவண்டு:
450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினியின் பவர் சப்ளை பெட்டி), ஏழெட்டு வருடமாக ஓடுகிறது. காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் கால் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. மெயின் சுவிட்சைப் போட்டு இருபது நிமிடம் சும்மா விட்டுப் பிறகு அழுத்தினால் ஒழுங்காக ஆன் ஆகிறது, நாள் முழுக்கத் தொல்லை இல்லை. இரவு மெயினை அணைத்தால் மறுநாள் பழையபடிதான்.

ரேமை மாற்றியும் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றியும் பார்த்தாயிற்று. பட்டன் ஒயரை எடுத்துவிட்டு பின்களை நேரடியாகத் தொட்டாலும் மாற்றமில்லை. 24 பின் கனெக்டர் போர்டில் இருக்கும்போது ஊதா ஒயரில் 4.2 வோல்ட், கழற்றினால் 5.02. போர்டு இல்லாமல் பச்சையையும் (ஆன் செய்யும் ஒயர்) கறுப்பையும் (கிரவுண்டு) இணைத்தால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் ஓடுகிறது. அப்படியானால் எஸ்எம்பிஎஸ் நல்லது, போர்டுதான் அதிகம் இழுக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? சால்டரிங் தெரியும், மல்டிமீட்டரும் இஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள் மின்தடை) மீட்டரும் இருக்கின்றன.

ஈயக்கோல்:
அந்த முடிவுக்கு இப்போதே போகாதீர்கள். பச்சையையும் கறுப்பையும் இணைத்து ஃபேன் ஓடுவதைப் பார்ப்பது மிக பலவீனமான சோதனை. லோடு இல்லாதபோது செத்துக்கொண்டிருக்கும் எஸ்எம்பிஎஸ்கூட 5.02 காட்டும்.

ஊதா ஒயர்தான் ஸ்டாண்ட்பை, அதாவது கணினி அணைந்திருக்கும்போதும் வரும் 5 வோல்ட் சப்ளை. அது 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும். 4.2 என்றால் மற்ற எதையும் பார்க்கத் தேவையில்லை, முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும். மெயின் பகுதியை ஆன் செய்து கண்காணிக்கும் ஐசிக்கும் பல மாடல்களில் இந்த ஸ்டாண்ட்பையிலிருந்துதான் சப்ளை. அது தொய்ந்தால் மெயின் பகுதி எழும்பி உடனே விழும். நீங்கள் பார்க்கும் துடிப்பு அதுதான்.

போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா என்று பிரிக்க: கனெக்டரைக் கழற்றிவிட்டு ஊதாவுக்கும் கறுப்புக்கும் நடுவில் 5 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். 1 ஆம்பியர் இழுக்கும். ஸ்டாண்ட்பை 2 ஆம்பியருக்குக் குறையாமல் தரும் என்று பெட்டியின் லேபிளில் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் 5 வோல்ட் அருகிலேயே நிற்கும். 4.75க்குக் கீழே போனால் போர்டின் மேல் பழி இல்லை. ரெசிஸ்டர் கொதிக்கும், கையில் பிடிக்காதீர்கள்.

எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கும் மாடல் வைத்திருப்பவர்களுக்கு: கிளிப் இருக்கும் வரிசை 13 முதல் 24 வரை. அதில் 16ஆவது பின் பச்சைக்குரியது, 15உம் 17உம் கிரவுண்டு. எதிர் வரிசையில் 9ஆவது பின் ஊதா.

இன்னொரு சோதனை: ரெசிஸ்டர் லோடில் இருக்கும்போது, மூடியைத் திறக்காமலே, ஹேர் டிரையரால் காற்றுத்துளை வழியாக ஓரிரு நிமிடம் வெதுவெதுப்பாகச் சூடேற்றுங்கள். வோல்டேஜ் ஏறினால் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். எலெக்ட்ரோலைட் வற்றிய கெப்பாசிட்டரில் இஎஸ்ஆர் குளிரில் ஏறும், சூட்டில் இறங்கும். இருபது நிமிடம் காத்திருந்தால் ஆன் ஆவதன் காரணமும் இதுவே.

அலைமானி:
ஈயக்கோல் சொன்னதோடு உடன்படுகிறேன். திறப்பதற்கு முன் சில விஷயங்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். ஏபிஎஃப்சி (மெயினிலிருந்து இழுக்கும் மின்சாரத்தைச் சீராக்கும் சுற்று) உள்ள மாடலில் 380 முதல் 400 வோல்ட் டிசி. ஏபிஎஃப்சி இல்லாததில், 230 வோல்ட் மெயினுக்கு, தொடராக இருக்கும் இரண்டு கெப்பாசிட்டர்களில் சேர்ந்து 325 வரை. ஸ்டாண்ட்பை பகுதி செத்துப்போன எஸ்எம்பிஎஸ்தான் இதில் அதிக ஆபத்து, ஏனென்றால் அந்தச் சார்ஜைக் குடித்துத் தீர்க்க எதுவும் ஓடுவதில்லை. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வதை விட்டுவிடுங்கள். போர்டின் செம்புத் தடமும் போகும், கண்ணிலும் தெறிக்கும். 2.2 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த முனைகளோடு பத்து நொடி பிடித்து, பிறகு மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். பார்க்காமல் கை வைக்கவே கூடாது.

ஆசிலோஸ்கோப் இருந்தால் அதன் எர்த் கிளிப்பை பிரைமரி (மெயின் மின்சாரம் வரும்) பக்கம் மாட்டாதீர்கள். அந்தப் பக்கத்து கிரவுண்டு மெயினோடு சேர்ந்தது, மாட்டிய நொடியில் ஷார்ட்.

நீலவண்டு:
5 ஓம் போட்டவுடன் 4.1 வோல்ட். சூடேற்றினால் மெல்ல 4.7 வரை ஏறுகிறது. மீட்டரை ஏசியில் வைத்தால் 0.3 வோல்ட் காட்டுகிறது. டிஸ்சார்ஜ் செய்து திறந்துவிட்டேன். ஆனால் ஒரு கெப்பாசிட்டர்கூட உப்பவில்லை, கசியவும் இல்லை. எதைக் கழற்றுவது?

ஈயக்கோல்:
உப்பாததால் நல்லது என்று அர்த்தமில்லை. சின்னக் கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் உப்பாமலேயே காய்கின்றன. ரிப்பிளுக்கு (டிசியின் மேல் மிஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கம்) வரம்பு 50 மில்லிவோல்ட் பீக் டு பீக். மீட்டரின் ஏசி அளவு இந்த அலைவரிசையில் துல்லியமில்லை என்றாலும் 0.3 என்றால் விஷயம் முடிந்தது.

மெயின் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று இருக்கும், அதுதான் ஸ்டாண்ட்பை டிரான்ஸ்ஃபார்மர். அதன் செகண்டரி (குறைந்த வோல்ட் வெளிவரும்) பக்கம் ஒரு டயோடு, அடுத்து ஒரு கெப்பாசிட்டர், சின்னக் காயில், இன்னொரு கெப்பாசிட்டர், பிறகு ஊதா ஒயர். காயிலுக்கு முன்னால் இருப்பதுதான் ரிப்பிள் முழுவதையும் தாங்குகிறது, அதனால் அதுவே முதலில் போகும். பிரைமரி பக்கம் ஸ்டாண்ட்பை ஐசிக்குச் சப்ளை தரும் 10 முதல் 47 மைக்ரோ (மைக்ரோஃபாரட்), 50 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். ஹீட்சிங்கை ஒட்டி வெந்துகொண்டிருக்கும் அதையும் மறக்காதீர்கள்.

மின்தேக்க அளவை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள், அது ஓரளவு சரியாகவே காட்டலாம். இஎஸ்ஆர் பாருங்கள். 1000 மைக்ரோ 10 வோல்ட் லோ இஎஸ்ஆர் வகை 0.1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும்.

நீலவண்டு:
காயிலுக்கு முன்னால் உள்ள 1000 மைக்ரோ: 1.8 ஓம். பின்னால் உள்ளது: 0.2. பிரைமரியில் 22 மைக்ரோ 50 வோல்ட்: 9 ஓம்.

ஈயக்கோல்:
மூன்றையும் மாற்றுங்கள். 105 டிகிரி, லோ இஎஸ்ஆர், அதே மைக்ரோ, வோல்ட் அதே அளவோ ஒரு படி மேலோ. விட்டமும் கால் இடைவெளியும் பொருந்த வேண்டும். உயரம் மூடியில் இடிக்கக் கூடாது. கழற்றுமுன் நெகட்டிவ் பட்டை எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், போர்டில் அச்சிட்ட குறியை எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே மாதிரி போடுவதில்லை. கிரவுண்டு கால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 60 வாட் அயர்னும் அகன்ற முனையும் வேண்டும்; பழைய சால்டரில் கொஞ்சம் ஈயச் சால்டர் சேர்த்து உருக்கினால் தடம் பிய்யாமல் வரும். சுற்றிலும் பழுப்பேறிய பசை இருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சூட்டில் கருகிய பசை மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும்.

அலைமானி:
மாற்றியவுடன் போர்டில் மாட்டாதீர்கள். முதல் தடவை மெயினோடு தொடராக 60 அல்லது 100 வாட் இழை பல்பு போட்டு (எல்இடி பல்பு உதவாது) ஸ்டாண்ட்பையை மட்டும் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் பிரைமரியில் ஷார்ட். ஊதாவில் 5.25க்கு மேல் காட்டினால் நிறுத்திவிடுங்கள். ஆப்டோகப்ளரும் டிஎல்431உம் இருக்கும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஃபீட்பேக் பகுதியில் கோளாறு என்று பொருள், போர்டையே எரித்துவிடும்.

பல்பை எடுத்துவிட்டு 5 ஓமோடு அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு பச்சையை இணைத்து மஞ்சள் ஒயர்களில் 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. குளிர்ந்த இழை முதல் நொடியில் பல மடங்கு இழுப்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் பாதுகாப்பு டிரிப் ஆகலாம். மஞ்சள் 11.4 முதல் 12.6, சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை இருக்க வேண்டும். சாம்பல் ஒயரில் (எல்லா வோல்டேஜும் சரி என்று போர்டுக்குச் சொல்வது) 5 வோல்ட் வந்து நிற்க வேண்டும்.

நீலவண்டு:
மாற்றியாயிற்று. 5 ஓம் லோடில் 5.04, அரை மணிக்குப் பிறகும் அதே. இரண்டு பல்போடு மஞ்சள் 11.97, சிவப்பு 5.08, ஆரஞ்சு 3.34, சாம்பல் 5.0. போர்டில் மாட்டி இரவு அணைத்துவிட்டுக் காலையில் முதல் அழுத்திலேயே ஆன் ஆனது. கணினியை ஓட்டாத நேரத்தில் இந்தப் பகுதி ஏன் இப்படிக் கெடுகிறது?

ஈயக்கோல்:
கணினி அணைந்திருந்தாலும் மெயின் இருக்கும்வரை ஸ்டாண்ட்பை ஓடுகிறது, அப்போது ஃபேன் சுற்றுவதில்லை. காற்றோட்டமில்லாத சூட்டில் மணிக்கணக்காக வேகிறது. 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். இரவில் மெயினை அணைக்கும் உங்கள் பழக்கத்தைத் தொடருங்கள். மூடும் முன் ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.