ஸ்டிரிப்பில் மூன்று பிளஸ், கருவியில் 22: எதை எழுதுவது?

கேள்வி (காரைக்குடி):
வணக்கம். சிறிய ஆய்வகம், டெக்னீசியன் நான் ஒருவன்தான். காலையில் 62 வயது ஆச்சி ஒருவர் சிறுநீர் கொடுத்துவிட்டுப் போனார். இருபது ஆண்டுச் சர்க்கரை. கால்கள் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே நிற்கிறது. குப்பியைக் குலுக்கினால் நுரை அடங்கவில்லை. சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் புரத ஸ்டிரிப்பில் மூன்று பிளஸ், அதாவது புரதம் மிக அதிகம். ஆனால் கலங்கலை வைத்து அளக்கும் இம்யூனோடர்பிடிமெட்ரி கிட்டில் மைக்ரோஆல்புமின், அதாவது சிறுநீரில் ஒழுகும் ஆல்புமின் புரதம், லிட்டருக்கு 22 மில்லிகிராம்தான், இயல்பு! அளவு தெரிந்த கண்ட்ரோல் மாதிரி சரியாக இருக்கிறது. இரண்டு முறை ஓட்டியும் அதே எண். மாலை ஐந்துக்குள் அறிக்கை போக வேண்டும்.

பதில் (புதுவயல்):
சிறுநீர் மிகவும் காரமாக இருந்தால் ஸ்டிரிப் பொய்யாக நிறம் மாறும். பிஎச் எவ்வளவு?

காரைக்குடி:
6. புரதத்தைத் திரளவைக்கும் சல்ஃபோசாலிசிலிக் அமிலமும் விட்டுப் பார்த்தேன். மோர் போலத் திரண்டுவிட்டது.

பதில் (தேவகோட்டை):
அப்படியானால் ஸ்டிரிப் மீது பழி இல்லை, தம்பி. இது புரோசோன்: ஆல்புமின் மிதமிஞ்சும்போது எண் பொய்யாகக் குறைவது. எங்கள் அம்மா கொட்டான் முடைவார். ஓலைகள் ஒன்றையொன்று கோத்தால்தான் பின்னல் விழும். இங்கும் அதே கதை. கிட்டில் ஆல்புமினைப் பற்றும் ஆன்டிபாடிக்கு இரண்டு கை. ஓர் ஆல்புமினைப் பல ஆன்டிபாடிகள் பற்ற, ஒவ்வொன்றும் மறுகையால் இன்னோர் ஆல்புமினைப் பற்ற, பின்னல் பெருகிக் கலங்குகிறது. அந்தக் கலங்கலைத்தான் கருவி 340 நானோமீட்டரில் அளக்கிறது. ஆல்புமின் மிதமிஞ்சினால் ஆன்டிபாடிகள் ஆளுக்கு இரண்டைப் பிடித்துக்கொண்டு தனித்தனியே நின்றுவிடும். பின்னலும் இல்லை, கலங்கலும் இல்லை, எண் விழுந்துவிடும்.

சலைனில் (உப்புநீரில்) 20 மடங்கும் 50 மடங்கும் நீர்த்து ஓட்டுங்கள். பெருக்கினால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். சொல்லக் காரணம் இருக்கிறது, அப்படிச் செய்தவரைப் பார்த்திருக்கிறேன்.

காரைக்குடி:
20 மடங்கில் 210, 50 மடங்கில் 84. இரண்டும் 4,200! அதே சிறுநீரில் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 80 மில்லிகிராம். கணக்கிட்டால் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 5,250 மில்லிகிராம் ஆல்புமின். 300-ஐத் தாண்டினாலே கடுமை என்பார்கள். ரத்தத்தில் ஆல்புமின் டெசிலிட்டருக்கு 2.4 கிராம்.

தேவகோட்டை:
2.4 எந்தச் சாயத்தில் அளந்தது? புரோமோகிரிசால் கிரீன் என்றால் குளோபுலின் என்ற வேறு புரதத்தையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கூட்டிக் காட்டும். இப்படிச் சிறுநீரில் புரதம் ஒழுகுபவர்களிடம் அது இன்னும் தெரியும். புரோமோகிரிசால் பர்ப்பிள் சாயத்தில் எண் சற்றுக் குறையும். முறையின் பெயரையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

காரைக்குடி:
கிரீன்தான் அண்ணே, எழுதிவிட்டேன். டாக்டரிடம் தொலைபேசியிலும் சொல்லிவிட்டேன். இப்போது பழைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்டிரிப்பில் மூன்று பிளஸ், கிட்டில் இயல்பு என்று இன்னும் இரண்டு பெயர்கள் கிடக்கின்றன.