தேசிய அணிக்குத் தேர்வான நைன்-பால் வீராங்கனையைப் போட்டி அழுத்தத்துக்குப் பழக்குவது எப்படி?

கேள்வி: கே.கே. நகர் பயிற்சியாளர், மதுரை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் பத்து ஆண்டுகளாக நைன்-பால் (எண்ணிட்ட ஒன்பது பந்துகளை வெள்ளைப் பந்தால் அடித்து, மேசையின் பாக்கெட்டுகளில் வரிசையாக வீழ்த்தும் ஆட்டம்) கற்றுக்கொடுத்து வருகிறேன். என்னிடம் பயிலும் இருபது வயதுப் பெண் ஒருத்தி, வெளிநாட்டில் நடக்கவிருக்கும் அணிப் போட்டிக்காக இந்தியப் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டிருக்கிறாள். எங்கள் கூடத்தில் ஆடும்போது தொடர்ந்து மூன்று, நான்கு ரேக்குகளை (ஒன்பது பந்துகளையும் அடுக்கி ஆடும் ஒரு சுற்றுதான் ரேக்) ஒரே மூச்சில் முடிக்கிறவள் அவள்.

ஆனால், தேர்வுப் போட்டியின் இறுதி ஆட்டம் சமநிலையில் இருந்து கடைசி ரேக்குக்கு வந்தபோது, மேசையில் மூன்றே பந்துகள் மிச்சமிருக்க, அவள் குனிந்து, நிமிர்ந்து, மறுபடியும் குனிந்தாள். ஒவ்வொரு அடிக்கும் நேரம் அளக்கும் ஷாட் கிளாக் ஒலிக்கத் தொடங்கியதும், கியூ (பந்தை அடிக்கும் கோல்) நிலைகொள்ளும் முன்பே அடித்துவிட்டாள். ஏழாம் பந்து பாக்கெட்டின் வாயில் இடித்து நின்றுவிட்டது. கியூவின் அடிப்பக்கத்தைப் பிடித்திருந்த அவளுடைய விரல் கணுக்கள் வெளுத்திருந்ததை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். எதிராளியும் பிறகு ஒரு தவறு செய்ததால்தான் அவள் தேர்வானாள்.

முகாமுக்கு ஆறு வாரங்கள் இருக்கின்றன. இதுவரை சந்தித்தே இராத வேறு மாநிலப் பெண்ணோடு சேர்ந்து, ஆளுக்கு ஒரு ஷாட்டாக மாறி மாறி அடிக்கும் இரட்டையர் ஆட்டமும் அவளுக்கு உண்டு. ‘பதற்றப்படாதே’ என்று சொல்வதைத் தவிர நான் செய்யக்கூடியது என்ன?

பதில் 1: திருநகரிலிருந்து, முன்னாள் ஸ்னூக்கர் ஆட்டக்காரர்

ஐயா, பதற்றத்தில் ஒரு பகுதி மனத்தில் இருக்கிறது. இன்னொரு பகுதி மேசையில் இருக்கிறது. முதலில் மேசையைக் கவனியுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் 12 அடி ஸ்னூக்கர் மேசையில், 52.5 மில்லிமீட்டர் பந்துகளோடு வளர்ந்து, பிறகுதான் 9 அடி மேசைக்கும் 57.15 மில்லிமீட்டர் பந்துகளுக்கும் வருகிறார்கள். கண்ணுக்குப் பழகிய கோணங்கள் நெருக்கடியில் பழைய மேசைக்கே திரும்பிப் போகும் என்பதை என் சொந்த அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

மேசைத் துணியும் அப்படித்தான். ஐப்பசி மழையில் நம் கூடங்களின் துணி ஈரம் ஏறிக் கனத்துவிடுகிறது. பந்து சீக்கிரம் நின்றுவிடும். போட்டி அரங்கிலோ புதுத்துணி, குளிரூட்டிய வறண்ட காற்று; அதே பலத்தில் அடித்த வெள்ளைப் பந்து நினைத்த இடத்தைத் தாண்டி ஓடும். அந்த முதல் அதிர்ச்சியிலேயே பாதி நம்பிக்கை போய்விடுகிறது. ஒரே ஒரு மேசைக்காவது புதுத்துணி போட்டு, அறையைக் காலையிலிருந்தே குளிரவைத்துப் பிறகு ஆடச் சொல்லுங்கள்.

ஷாட் கிளாக்கைப் பொறுத்தவரை, பெரிய போட்டிகளில் வழக்கமாக ஒரு ஷாட்டுக்கு 30 வினாடிகளும், ரேக்குக்கு ஒருமுறை கூடுதலாக 30 வினாடிகளும் தருகிறார்கள். நேரம் கடந்தால் ஃபவுல். எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். எந்தப் பந்து, எந்தப் பாக்கெட், வெள்ளை எங்கே நிற்க வேண்டும் என்ற முடிவுகளெல்லாம் நின்றபடியே எடுக்கப்பட வேண்டும். குனிந்த பிறகு யோசனை வந்தால் எழுந்துவிட வேண்டும், ஆனால் ஒரு ஷாட்டுக்கு ஒருமுறைதான். நீங்கள் சொன்ன அந்த இரண்டாவது குனிதலில்தான் தோல்வி இருந்தது. கை அதற்குப் பிறகுதான் இறுகியது.

பதில் 2: மேலூர்ப் பக்கத்துக் கபடிப் பயிற்சியாளர்

எனக்கு உங்கள் ஆட்டம் தெரியாது. ஆனால் 30 வினாடி என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. புரோ கபடியில் ஒரு ரெய்டுக்கும் 30 வினாடிகள்தான். இரண்டு ரெய்டுகள் வெறுமையாகப் போய்விட்டால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் போனவன் வெளியேற வேண்டும். அந்த மூன்றாவது ரெய்டை எங்கள் பையன்களுக்குக் காலையில் புத்துணர்ச்சியோடு இருக்கும்போது நான் பழக்குவதில்லை. இரண்டு மணி நேரம் ஆடிக் களைத்து, கால் பின்னுகிற வேளையில், மைதானத்தில் இருக்கிற எல்லாரையும் உட்காரவைத்து, ஒருவனை மட்டும் அனுப்புவேன். பிடிபட்டால் ‘இன்னொரு தடவை போறேன் அண்ணே’ என்பான். கிடையாது. அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது.

பயிற்சியில் எப்போதும் இன்னொரு வாய்ப்பு இருப்பதுதான் உங்கள் மாணவியைக் கெடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். தினமும் கடைசியில் ஒரே ஒரு ரேக் வையுங்கள். கூடத்தில் மற்ற மேசைகள் நிற்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும். தவறினால் வீட்டுக்குப் போகட்டும், அன்று இரவு அதோடு இருக்கட்டும். முதல் வாரம் அழுவாள். அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

பணம் வைத்து ஆடவிட்டால் நெஞ்சுரம் வரும் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். பணம் உள்ளே வந்தபின் வெளியேற முடியாமல் போன நல்ல ஆட்டக்காரர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

பதில் 3: சென்னையிலிருந்து, மதுரையில் பிறந்த நடுவர்

முந்தைய இருவரும் அடிக்கும் நேரத்தைப் பற்றிச் சொன்னார்கள். நான் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நடுவராக நின்று நான் பார்த்த சரிவுகளில் பெரும்பாலானவை நாற்காலியில்தான் தொடங்கின. எதிராளி வரிசையாக நான்கு ரேக்குகளை எடுக்கும்போது இருபது, முப்பது நிமிடம் சும்மா உட்கார வேண்டியிருக்கும். கை சில்லிட்டுப் போகும். பிறகு எழுந்ததும் கடினமான பந்து ஒன்று காத்திருக்கும். இதை யாரும் பழக்குவதில்லை. அவளை அரை மணி நேரம் உட்காரவைத்து, கைப்பேசியைத் தராமல், திடீரென்று எழுப்பி ஒரே ஒரு கடினமான ஷாட் அடிக்கச் சொல்லுங்கள். விரல்களைச் சூடாக வைத்துக்கொள்வது, எதிராளியின் மேசையைப் பார்க்காமல் தன் கியூ முனை வழுக்காமலிருக்கச் சாக் தடவுவதில் கண்ணை வைப்பது போன்ற சின்னப் பழக்கங்களை அவளே கண்டுபிடித்துக்கொள்வாள்.

இரட்டையருக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. நாடுகளுக்கிடையிலான இரட்டையர் உலகக் கோப்பை 2006-இல் வேல்ஸில் தொடங்கியபோது பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயெஸும் பிரான்சிஸ்கோ புஸ்டமான்டேயும் வென்றார்கள். 2009-இல் தங்கள் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னிலையில் மறுபடியும் வென்றார்கள். மாறி மாறி அடிக்கும் ஆட்டத்தில் வெள்ளைப் பந்தை நமக்குப் பிடித்த இடத்தில் அல்ல, அடுத்து அடிக்கப்போகிறவருக்குப் பிடித்த இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு அவருடைய கை எட்டும் தூரமும், அவர் அஞ்சும் ஷாட்டும் தெரிந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவர் இடக்கையர் என்றால் அது பெரிய வரம்.

இன்னொன்று: ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் மோஸ்கோனி கோப்பையில் 2010 முதல் 2017 வரை எட்டு ஆண்டுகள் ஐரோப்பாவே வென்றது. ஐரோப்பிய அணியை முன்பு வழிநடத்திய நெதர்லாந்துக்காரர் யோஹான் ராய்சிங்கையே அமெரிக்கா அழைத்துக்கொண்டது. அவருடைய முதல் ஆண்டான 2017-இல் 11-4 என்று படுதோல்வி. 2018-இல் 11-9, 2019-இல் 11-8 என்று வெற்றி. ஆறு வாரத்தில் எல்லாம் மாறிவிட வேண்டும் என்று அந்தப் பெண்ணின் தோளில் ஏற்றாதீர்கள், ஐயா.

கேள்வி கேட்டவர், பன்னிரண்டு நாட்களுக்குப் பின்

மூவருக்கும் நன்றி. ‘ஒரே ரேக்’ பயிற்சியில் பத்து நாட்களில் மூன்று முறைதான் முடித்திருக்கிறாள். நேற்றும் எட்டாம் பந்தைத் தவறவிட்டாள். ஆனால் நேற்று அவள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே ஒருமுறைதான் குனிந்தாள். பக்கத்து மேசையில் ஆடும் பெரியவர் அதைக் கவனித்து என்னிடம் சொன்னார். இரட்டையர் ஜோடியின் எண்ணை வாங்கிக் கொடுத்துவிட்டேன். இருவரும் இரவில் பந்துகள் கிடக்கும் படங்களை அனுப்பி, ‘அக்கா, இதில் வெள்ளையை எங்கே விடட்டும்?’ என்று கேட்டுக்கொள்கிறார்கள். அந்த வேறு மாநிலப் பெண் இடக்கையர்.