தோரோவின் துணியைத் துவைத்தது யார்?

வேங்கை:
நேற்று ஒருவர் இங்கே வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர்கள் எமர்சனும் தோரோவும் இயற்கையைப் பற்றிப் பேசியதெல்லாம் பம்மாத்து, வால்டன் குளக்கரையில் குடிசை போட்டுத் தனியாக இருந்தபோதும் தோரோவின் துணியை அம்மாதான் துவைத்தார் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். 1845 ஜூலை முதல் 1847 செப்டம்பர் வரை அங்கே இருந்த மனிதர் அவர். குடிசையைத் தானே கட்டினார், செலவு 28 டாலர் சொச்சம். இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் பீன்ஸ் போட்டார். எதையும் படிக்காமல் எழுத எப்படி மனசு வருகிறது?

கணக்கன்:
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். துணி துவைப்பதும் தைப்பதும் பெரும்பாலும் வெளியேதான் நடந்தது, பில் இன்னும் வரவில்லை என்று 'வால்டன்' புத்தகத்தின் செலவுக் கணக்கிலேயே எழுதியிருக்கிறாரே, அந்தப் பக்கம் உங்கள் பிரதியில் கிழிந்துவிட்டதா? நிலம் எமர்சனுடையது. அவருடைய சொந்த ஊர் கான்கார்ட் ஒன்றரை மைல்தான். கரையோரம் ரயில் வேறு.

வேங்கை:
வெளியே கொடுத்தார் என்றுதான் இருக்கிறது, அம்மா எங்கே வந்தார்? காட்டுங்கள். அப்புறம், எமர்சன் 1836இல் 'இயற்கை' எழுதியபோது அவருக்கு மரமும் மலையும் ஆன்மாவின் அடையாளங்கள். தோரோ அங்கேயே நிற்கவில்லை. அடியே இல்லாத குளம் என்று ஊர் சொன்னதை நம்பாமல் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி 102 அடி என்று அளந்தார். 1846இல் கட்டாடின் மலையில் ஏறி, மனிதனைச் சட்டை செய்யாத இயற்கையைப் பார்த்து மிரண்டார். அவர் குறித்து வைத்த பூக்கும் தேதிகளை வைத்துத்தான் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பருவநிலை மாற்றத்தை ஆராய்ந்தார்கள். நீங்கள் சட்டையிலேயே நிற்கிறீர்கள்.

கணக்கன்:
துவைத்தவர் யார் என்று இன்னும் பதில் வரவில்லை. 1844இல் மீன் சமைக்கத் தீ மூட்டி கான்கார்டில் ஏறக்குறைய 300 ஏக்கர் காட்டை எரித்ததும் இதே இயற்கைக் காதலர்தான்.

செங்காந்தள்:
யாரோ ஒரு பெண் துவைத்திருக்கிறார், அவர் உழைப்பைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலை இல்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த நம் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸுக்கு வால்டன் குளத்துப் பனிக்கட்டி வந்ததே, அதையாவது பேசலாம்.

வேங்கை:
வந்ததற்கு என்ன சான்று? சென்னைக்காரர்கள் என் கிணற்றில் குடிக்கிறார்கள் என்று தோரோ எழுதினார், சரி. ஆனால் அவர் அங்கே இருந்தபோது ஒரு குளிர்காலத்தில் குளத்திலிருந்து வெட்டி அடுக்கிய பனிக்கட்டியில் பெரும்பகுதி கரையிலேயே கிடந்து 1848 செப்டம்பருக்குள் உருகிக் குளத்துக்கே திரும்பியது என்றும் அவரே எழுதியிருக்கிறார். அரைப் பக்கம் படித்துவிட்டு வராதீர்கள்.

செங்காந்தள்:
எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர் பற்றிய இழையிலும் இப்படித்தான் கத்தி எல்லோரையும் விரட்டினீர்கள்.

வேங்கை:
மியூர் இழையில் தவறான ஆண்டு போட்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும். கணக்கன், அம்மா என்பதற்கு அவர் எழுத்தில் ஒரே ஒரு வரி, அது போதும்.

கணக்கன்:
பில் வரவில்லை என்றாரே. காசு கேட்காமல் துவைத்துப் போடுவது வேறு யார்?