மணிரத்னம் படம் புடிக்குமா புடிக்காதான்னு கேட்டா இன்னும் முழி பிதுங்குது, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

வைகைக்கரையான்:
நாயகன் கத எல்லாருக்கும் தெரியும், அதுக்குள்ள போகல. 87 தீவாளிக்கு வந்தப்ப நான் பொடிப்பய, தியேட்டர்ல பாக்கல. பாத்தது 92ல, டெக்குல. சித்திரத் திருவிழாவுக்கு மாமா (அம்மாவோட தம்பி) பம்பாய்ல இருந்து வந்திருந்தாரு, தாராவியில தோல் பட்டறையில பத்து வருசமா கெடந்தவரு. செல்லூர்ல எங்க வீட்டு வாசல்ல டிவி, டெக்கு, மூணு கேசட்டு வாடகைக்கு எடுத்து விடிய விடிய ஓட்டுறோம், மொதக் கேசட்டே நாயகன், தாராவியில நடக்குற கதன்னு மாமாவுக்காக. தெருவே பாய விரிச்சு உக்காந்திருக்கு.

மழ சீன் ஒண்ணு வருது. நாங்கள்லாம் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குறோம். திரும்புனா மாமா பெஞ்சு மேல ரெண்டு காலையும் தூக்கி வச்சு உக்காந்திருக்காரு, வேட்டிய முழங்காலு வரைக்கும் சுருட்டிக்கிட்டு. அங்க மழன்னா சாக்கடத் தண்ணி வீட்டுக்குள்ள ஏறிருமாம், மழச் சத்தம் கேட்டாலே காலு தன்னால மேல போயிருமாம். அப்பறம் அவருக்கே சிரிப்பு வந்து, "எல்லாம் சரியாத்தேன்டா எடுத்திருக்கான், நாத்தத்த மட்டும் காணோமே"ன்னாரு.

அதுல இருந்து எனக்கு மணிரத்னம் படத்த நிம்மதியா ரசிக்கவும் முடியல, வையவும் முடியல. படத்துல வந்த அந்தத் தாராவி மெட்ராஸ்ல போட்ட செட்டுன்னு பின்னாடி படிச்சேன், செட்டுப் போட்ட தோட்டா தரணிக்கு தேசிய விருது, கேமரா புடிச்ச பி.சி.ஸ்ரீராமுக்கு விருது, கமலுக்கு விருது, எல்லாம் சரி. காலத் தூக்க வைக்கிற அளவுக்கு நெசமாவும் இருக்கு, மூக்கப் பொத்த வேண்டாத அளவுக்கு அழகாவும் இருக்கு. இது பாராட்டா குத்தமா?

ஆப்பரேட்டர் மகன்:
அண்ணே உங்க மாமா பரவால்ல. எங்கப்பா அடியே வாங்கப் பாத்தாரு. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கொட்டகையில ஆப்பரேட்டர், அப்ப எல்லாம் ப்ரொஜெக்டர்ல வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி தான், எரிய எரிய ரெண்டு குச்சிக்கும் எடவெளிய கையால சரி பண்ணிக்கிட்டே இருக்கணும், கொஞ்சம் அசந்தா திரையில வெளிச்சம் மங்கும் இல்லன்னா வெட்டும். வெட்டுனா ஜனம் "டேய் ஆப்பரேட்டர், தூங்குறியாடா"ன்னு கத்தும். எரிஞ்சு தீந்த துண்டுக எனக்கு, தரையில கட்டம் கிழிச்சு விளையாட.

88ல அக்னி நட்சத்திரம். அந்த ஆஸ்பத்திரி க்ளைமாக்ஸ்ல லைட்டு பளிச் பளிச்னு வெட்டும்ல? மொத ஆட்டம், அப்பாவும் முன்னாடி படத்தப் பாத்ததில்ல. வெட்டுதுன்னு நெனச்சு அவரு குச்சியப் போட்டு திருகு திருகுன்னு திருகுறாரு, வேர்த்து ஊத்துது, கீழ ஒரே விசிலு, செருப்பு ஒண்ணு திரையில வந்து விழுது. கடைசில ரூமுக்கு வெளிய வந்து நின்னு "யோவ், படமே அப்பிடித்தாய்யா!"ன்னு கத்துனாரு. யாரும் நம்பல. மறுநா மொதலாளியே நம்பல.

ஸ்டைலு ஸ்டைலுங்கறாங்க, அந்த ஸ்டைலுக்கு எங்கப்பா பாட்டு வாங்குனாரு. ஆனா ஒண்ணு, அதுக்கப்பறம் எந்தப் படம் வந்தாலும் அவரு கேக்குற மொதக் கேள்வி "கேமரா யாரு?" தான்.

மாசிவீதி:
வைகைக்கரை, உங்க மாமா சொன்னதுல எனக்கு ஒப்புதல் இல்ல. சினிமாவுல நாத்தம் வேணும்னா கார்ப்பரேஷன் வண்டி பின்னாடி நடந்து போகலாமே. அப்பறம் மணிரத்னம் படம்னாலே இருட்டு இருட்டுன்னு லந்து பண்றவய்ங்களுக்கு ஒண்ணு, தளபதி, ரோஜா, இருவர் மூணுக்கும் கேமரா சந்தோஷ் சிவன், தளபதியில சூரியன் எப்பிடி அடிக்கும்? அதுவும் இருட்டா?

என் அனுபவம் சின்னது தான், இருவர மொபைல்ல பாத்துட்டு மொக்கன்னு நெனச்சிருந்தேன், ஃப்ரெண்டு ரூம்ல பெரிய திரையில பாத்தப்ப தான் வெக்கமாப் போச்சு. அதனால சொல்றேன், மொத டிவியில விவிட் மோட அணைங்க. சினிமா மோடுன்னு ஒண்ணு இருக்கும், அதப் போடுங்க. மோஷன் ஸ்மூத்னஸ்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், அத ஆஃப் பண்ணலன்னா எல்லாப் படமும் மெகா சீரியல் மாதிரி தான் தெரியும். ரூம்ல டியூப்லைட்ட அணைங்க, டிவிக்குப் பின்னாடி சின்னதா ஒரு பல்பு மட்டும் போதும். தியேட்டர்னா மொத மூணு வரிசையும் வேணாம், நடுவுல இருந்து ரெண்டு வரிச பின்னாடி உக்காருங்க. ப்ரொஜெக்டர் பல்பு பழசாயிருந்தா படம் இன்னும் மங்கும், இடைவேளையில மேனேஜர்ட்டப் போயிக் கேளுங்க, கேக்குறதுல தப்பில்ல. பாப்கார்ன் கவரக் கசக்காதீங்க, அவரு படத்துல பாதி வசனம் மூச்சுலயே வரும், அந்த நேரம் பாத்துக் கசக்குனா கதையே போச்சு.

ஆப்பரேட்டர் மகன்:
மேனேஜர்ட்டக் கேக்கணுமாம்ல. எங்கப்பாட்ட எத்தன பேரு கேட்டாய்ங்க தெரியுமா, எல்லாம் செருப்போட தான்.

திருமங்கலம் பாசஞ்சர்:
வசனம்னு சொன்னதும் வயிறு எரியுது. 2000, அலைபாயுதே வந்த வருசம், நான் காலேஜ் ரெண்டாவது வருசம், தெனம் காலையில திருமங்கலத்துல இருந்து மதுரைக்கு ரயில்ல வருவேன். அதே பொட்டியில ஒரு புள்ள. எனக்கு அந்தப் படத்துல எலக்ட்ரிக் ட்ரெயின்ல காதலிக்கிற மாதவன் நெனப்பு. ஆனா இங்க எலக்ட்ரிக் ட்ரெயினா ஓடுச்சு, நமக்கு வாய்ச்சது பாசஞ்சரு, காலுக்குக் கீழ கத்திரிக்கா மூட்ட, பக்கத்துல கருவாட்டுக் கூட. ஒரு மாசம் கண்ணாடி முன்னாடி பழகி, மதுரையத் தாண்டிக் கூடல்நகர் வரைக்கும் போற அளவுக்குத் தைரியத்தச் சேத்துக்கிட்டு, "பேசணும்"னேன். "என்ன?"ன்னுச்சு. "ஒண்ணுமில்ல"ன்னேன். அந்த ஒண்ணுமில்லைல எல்லாம் இருக்குன்னு அதுக்குப் புரியும்னு நெனச்சேன். "அப்பச் சரி"ன்னுட்டு ஜங்ஷன்ல எறங்கிப் போயிருச்சு. ஆறு மாசத்துல நிச்சயம்.

டி.ராஜேந்தர் மாதிரி அடுக்குமொழியில ரெண்டு நிமிசம் பேசியிருந்தாக் கூட செருப்படியோ சம்மதமோ ஒண்ணு கெடச்சிருக்கும். நாயகனுக்கு வசனம் பாலகுமாரன், கன்னத்தில் முத்தமிட்டாலுக்கு சுஜாதா, கடலுக்கு ஜெயமோகன், மூணும் மூணு தெச. ஆனா யாரு எழுதுனாலும் கடைசில எல்லாரும் அவரு மாதிரியே பாதி பேசிட்டு மீதிய நம்மகிட்ட விட்டுர்றாங்க. திருமங்கலத்துல அது வேலைக்கு ஆகாது.

பாண்டியநாட்டான்:
2022ல பொன்னியின் செல்வன் மொத பாகம், குடும்பத்தோட போனோம். ஊரே சோழன் சோழன்னு ஆடுது. எங்க வரிசைக்குப் பின்னாடி ஒரு பெருசு, சோழனக் கொல்லத் திரியிற பாண்டியன் ஆளுக ரவிதாசன் கூட்டம் வரும்போதெல்லாம் ஒத்தையா விசிலடிக்குது. "தாத்தா, அவய்ங்க வில்லனுக"ன்னு என் மகன் திரும்பிச் சொல்றான். "யாருக்குடா வில்லன்? எந்த ஊருல உக்காந்து படம் பாக்குற?"ன்னு கேட்டாரு பாருங்க, இடைவேளை வரைக்கும் அவன் வாயத் தொறக்கல. மணிரத்னம் 1956ல பொறந்ததே மதுரையில தான், அப்பறமாச்சும் நம்ம ஊரு தமிழ ஒரு முழுப் படத்துக்குப் பேச விட்டிருக்கலாம். சசிகுமார் சுப்ரமணியபுரம் எடுத்தாப்லல்ல, 2008ல, 1980 மதுரைய அப்படியே, வேர்வ பிசுபிசுக்கிறது தெரியும்ல.

மாசிவீதி:
ஆமா, அதுக்கப்பறம் வரிசையா வந்த படங்களப் பாத்துட்டு வெளியூர்ல ரூம் கேட்டா "மதுரையா?"ன்னு ரெண்டடி பின்னாடி நிக்கிறான். நல்லவேளை இவரு நம்ம பக்கம் கேமராவத் திருப்பல. திருப்பியிருந்தா அருவாளக் கூட பேக்லைட்ல அழகாக் காட்டிருப்பாரு, இன்னும் நாலு பேரு தூக்கியிருப்பான்.

வைகைக்கரையான்:
சண்ட போடாதீங்கப்பா. மாமா இருக்காரான்னு ஒருத்தர் தனியாக் கேட்டிருந்தாரு. இருக்காரு, அலங்காநல்லூர்ல, ரெண்டு மாடு வச்சிருக்காரு. நேத்து இதையெல்லாம் படிச்சுட்டு போன் போட்டு, "மாமா, அன்னைக்கு நாயகன் ஓடும்போது காலத் தூக்கி உக்காந்தீங்களே, ஞாபகம் இருக்கா"ன்னேன்.

"நானா? நான் எங்கடா தூக்குனேன். எனக்குப் பழகிருச்சுடா அதெல்லாம். தூக்குனது உங்கப்பாருடா. பெஞ்சுல எனக்குப் பக்கத்துல இருந்தாருல்ல"ங்கறாரு.

எங்கப்பா திண்டுக்கல்லத் தாண்டுனதில்ல.