நான் ரெவின்யூ வாட்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

செ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

குடிநீர்ச் சொற்பட்டியலில் 'நான் ரெவின்யூ வாட்டர்' (non-revenue water) இன்னும் தமிழாகாமல் நிற்கிறது. நகரக் குழாய் அமைப்புக்குள் விட்ட மொத்த நீரிலிருந்து பில் போட்ட நீரைக் கழித்தால் மிஞ்சுவது எதுவோ, அது. உலக அளவில் ஆண்டுக்கு 12,600 கோடி கனமீட்டர் இப்படிப் போகிறது என்பது 2019இல் வெளியான மதிப்பீடு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 34.5 கோடி கனமீட்டர். உலகிலுள்ள உப்புநீக்கும் ஆலைகள் அனைத்தின் கொள்ளளவும் அதே காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 9.5 கோடி கனமீட்டர்தான். ஆலை கட்டுவதைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம், இதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

இதுவரை வந்த பரிந்துரைகள்: கணக்கில் வராத நீர், விலையில்லா நீர், வருவாய் ஈட்டா நீர். உங்கள் கருத்து?

செ.

---

ம. எழுதியது:

> கணக்கில் வராத நீர்

இது 'அன்அக்கவுன்டட் ஃபார் வாட்டர்' என்ற பழைய சொல்லுக்கு ஏற்கெனவே புழங்குகிறது. அதற்கே இருக்கட்டும். இரண்டும் ஒன்றல்ல. தீயணைப்பு வண்டி பிடித்த நீர், புதுக் குழாயைக் கழுவிவிட்ட நீர், பில் இல்லாமல் கொடுக்கும் தெருக்குழாய் நீர் எல்லாம் கணக்கில் இருக்கும். பில்தான் இருக்காது. இந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் பன்னாட்டு நீர்ச் சங்கம் 2000இல் நீர்ச் சமநிலைப் பட்டியலை வகுத்தபோது பழைய சொல்லை ஒதுக்கியது.

> விலையில்லா நீர்

தமிழ்நாட்டில் விலையில்லா அரிசி, விலையில்லா மிதிவண்டி பார்த்தவர்கள் இதை அரசின் அடுத்த திட்டம் என்றுதான் படிப்பார்கள். வேண்டவே வேண்டாம்.

> வருவாய் ஈட்டா நீர்

அருகில் வருகிறது, ஆனால் ஓரிடத்தில் தவறு. பில் போட்டு, பணம் வராமல் பாக்கி நிற்கும் நீர் இந்த வரையறைப்படி 'ரெவின்யூ வாட்டர்'தான். வசூல் பாக்கி வேறு கணக்கு. 'வருவாய்' என்று தொடங்கினால் படிப்பவர் பாக்கியையும் இதில் சேர்த்துவிடுவார். பில் ஏறியதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. ஆகவே 'கட்டணமேறா நீர்' என்று முன்மொழிகிறேன்.

ம.

---

ந. எழுதியது (யாழ்ப்பாணம்):

ம. அவர்களின் காரணம் சரி, சொல்தான் இடறுகிறது. 'கட்டணமேறா நீர்' என்றால் கட்டணம் கூடாத நீர் என்றுதான் முதலில் காதில் விழும். மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் வேறு செய்தி.

'வருவாய்' வேண்டாமென்பதற்கு எங்கள் பக்கமிருந்து இன்னொரு காரணம்: இலங்கையில் அந்த இடத்தில் 'வருமானம்' என்போம், அரசுக் கணக்கென்றால் 'இறைவரி' என்றும் வரும். இரு கரைக்கும் பொதுவாக இருப்பது 'கட்டணம்'. 'கட்டணமிடா நீர்' எப்படி? எதிர்ச்சொல்லும் சிரமமில்லாமல் வருகிறது: கட்டணமிட்ட நீர்.

ந.

---

கு. எழுதியது:

கட்டணமிடா நீருக்கு என் வாக்கு. ஆனால் சண்டை போட வேண்டிய இடம் அதுவல்ல. மொத்தத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் ஓடிவிடும். அதற்குள் இருக்கும் இரண்டு இழப்புகளுக்குத் தவறான பெயர் வைத்தால் பொறியாளரே தவறான இடத்தில் பணம் போடுவார்.

ஒன்று 'ரியல் லாஸ்': பகிர்மானக் குழாய்க் கசிவு, வீட்டு இணைப்பில் மீட்டர் வரையிலான கசிவு, மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவது. இரண்டு 'அப்பேரன்ட் லாஸ்': மீட்டர் குறைத்துக் காட்டுவது, திருட்டு இணைப்பு, அளவெடுப்பிலும் பதிவேட்டிலும் நேரும் பிழை. இரண்டாவதில் நீர் யாரோ ஒருவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது, பில் புத்தகத்தில்தான் இல்லை. அதைச் சரிசெய்தால் வாரியத்துக்குப் பணம் வரும். பில்லைப் பார்த்துச் சிலர் சிக்கனமாகலாம், மற்றபடி நீர் மிச்சமாகாது. நீர்ப் பற்றாக்குறைக்கு மருந்து முதலாவதில் இருக்கிறது. செ. ஐயா தந்த 12,600 கோடியில் இரண்டும் கலந்திருக்கிறது. அத்தனையையும் மீட்டுவிடலாம் என்று யாராவது எழுதினால் இதைச் சொல்லுங்கள்.

'அப்பேரன்ட்' என்பதைத் 'தோற்ற இழப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். இழப்பே இல்லை, வெறும் தோற்றம் என்றாகிவிடும். மொத்தமாக 'நீரிழப்பு' என்றால் வயிற்றுப்போக்கு நோயாளி நினைவுக்கு வருவார். நான் பயன்படுத்துவது: கசிவிழப்பு, பதிவிழப்பு. தொட்டி வழிதல் கசிவல்லதான், வரையறையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இரண்டையும் பிரிப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல் அதற்கு ஈடு கொடுக்கிறதா என்று பார்க்கலாம். 24 மணி நேர விநியோகம் உள்ள ஒரு பகுதியை வால்வுகளை மூடித் தனிமைப்படுத்தி, உள்ளே வரும் குழாயில் ஒரு மீட்டர் வைப்போம். பொதுவாக 500 முதல் 3000 இணைப்பு வரை. இதற்கு 'அளவீட்டு வட்டாரம்'. வட்டார மீட்டரை அதிகாலை 2 மணியிலிருந்து 4 மணிவரை பாருங்கள். ஊர் தூங்கும், கசிவு தூங்காது.

2800 இணைப்பு, 30 கி.மீ. குழாய், 30 மீட்டர் அழுத்தம் (அவ்வளவு உயர நீர் தரும் அழுத்தம்) என்று ஓர் எடுத்துக்காட்டு. இரவில் உள்ளே வருவது மணிக்கு 31.6 கனமீட்டர். இணைப்புக்கு மணிக்கு 2 லிட்டர் உண்மையான இரவுப் பயன்பாடு என்று கொண்டால் 5.6 போகும். மீதி 26 கனமீட்டர் கசிவு. இதை 24ஆல் பெருக்குவது எல்லோரும் செய்யும் தவறு. பகலில் பயன்பாடு ஏறி அழுத்தம் இறங்கும், கசிவும் குறையும். பகலிரவு அழுத்தப் பதிவை வைத்துப் பெருக்கெண்ணைக் கணிக்க வேண்டும். இங்கே 20 என்று கொண்டால் நாளொன்றுக்கு 520 கனமீட்டர்.

இது அதிகமா குறைவா? நன்றாகப் பராமரித்த அமைப்பிலும் தவிர்க்க முடியாத கசிவு இவ்வளவு என்று ஒரு சூத்திரம் உண்டு: (18 × குழாய் கி.மீ. + 0.8 × இணைப்பு) × அழுத்தம் மீட்டரில். வீட்டு நீர்மீட்டர் மனை எல்லையிலேயே இருந்தால் இது போதும், உள்ளே தள்ளி இருந்தால் அந்த நீளத்துக்கு கி.மீ.க்கு 25 வீதம் சேர்க்க வேண்டும். நம் வட்டாரத்துக்கு (540 + 2240) × 30 = நாளுக்கு 83,400 லிட்டர். 520 கனமீட்டரை 83.4ஆல் வகுத்தால் 6.2. தவிர்க்க முடியாததைப் போல் ஆறு மடங்கு கசிகிறது. இந்த 6.2தான் 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லீக்கேஜ் இன்டெக்ஸ்'. 'கசிவு மடங்கு' என்றால் போதும், 'உட்கட்டமைப்புக் கசிவுக் குறியீட்டெண்' என்று மூச்சு வாங்க வேண்டாம்.

விழுக்காட்டில் சொல்வதை ஏன் தவிர்க்கிறோம்? 100 விட்டு 80க்குப் பில் போட்டால் இழப்பு 20 விழுக்காடு. வறட்சியில் மக்கள் சிக்கனமாகி 40 மட்டும் பிடித்தால், அதே 20 இழப்பு 33 விழுக்காடாகிவிடும். குழாயில் ஒரு துளைகூடப் புதிதாக விழவில்லை.

கம்போடியாவின் புனோம் பென் நகரத்தில் 1993இல் கட்டணமிடா நீர் 72 விழுக்காடாக இருந்தது, நாளுக்குப் பத்து மணி நேரம்தான் விநியோகம். நகர நீர் வாரியத்தின் தலைவர் எக் சொன் சான் தலைமையில் 2010 வாக்கில் 6 விழுக்காட்டுக்கு வந்தது. குழாய் மாற்றியதை மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். எல்லா இணைப்புக்கும் மீட்டர், திருட்டு இணைப்பை வெட்டியது, வாடிக்கையாளர் பட்டியலைப் புதிதாக எழுதியது ஆகியவையும் அந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு. அவை பதிவிழப்பு. ஒரே எண்ணுக்குள் இரண்டும் இருப்பதால், அந்த நகரம் எவ்வளவு நீரை மீட்டது என்பதை 72, 6 இரண்டையும் வைத்துச் சொல்ல முடியாது.

கு.

---

ம. எழுதியது:

கு. ஐயா, இரவுக் கணக்கு நம் ஊர்களில் எடுபடாதே? ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் இரண்டு மணி நேரம் வரும் நீருக்கு அதிகாலை 2 மணி ஏது? அப்படியே விட்டாலும் வீட்டுச் சம்ப்புகள் எல்லாம் நிரம்பிக்கொண்டிருக்கும், அதைக் கசிவென்று எடுத்துக்கொள்வோம்.

ம.

---

கு. எழுதியது:

எடுபடாது. அங்கே இரண்டு வழி. ஒன்று, வட்டாரத்தில் இரண்டு மூன்று நாள் தொடர்ச்சியாக நீர் விட்டு, தொட்டிகள் நிரம்பிய பிறகு அளப்பது. அல்லது வீட்டு வால்வுகளை எல்லாம் மூடிவிட்டு அளப்பது. பின்னதற்கு ஆட்கள் நிறைய வேண்டும், ஒரு வால்வு பிடிக்காவிட்டால் எண் கெட்டுவிடும்.

பதிவிழப்பும் அங்கே விசித்திரமாக நடக்கும். நீர் வரும் முதல் நிமிடங்களில் குழாயிலிருந்து தள்ளப்படும் காற்று மீட்டரைச் சுழற்றி அதிகம் காட்டும். தொட்டி நிரம்பும் தருவாயில் மிதவை வால்வு மெல்ல மூடும்போது ஓட்டம் சொட்டாகிவிடும், மீட்டர் அசையாது. 15 மி.மீ. பி வகுப்பு (துல்லிய வகுப்பு) மீட்டர் மணிக்கு 30 லிட்டருக்குக் கீழே சரியாகக் காட்டும் என்ற உறுதி கிடையாது.

அழுத்தம் பற்றி ஒரு சொல். 5 மி.மீ. துளையில் 30 மீட்டர் அழுத்தத்துக்கு நாளுக்குச் சுமார் 25,000 லிட்டர் போகும். ஆளுக்கு 135 லிட்டர் என்றால் 180 பேருக்கான நீர். அழுத்தத்தைப் பாதியாக்கினால் இரும்புக் குழாய்த் துளையில் ஓட்டம் 71 விழுக்காடாகும். பிளாஸ்டிக் குழாய் நீளவாக்கில் வெடித்திருந்தால் 35 விழுக்காடு வரை இறங்கலாம், அழுத்தம் குறைய வெடிப்பே சுருங்குவதால். கேப்டவுனின் கயலிட்ஷா பகுதியில் 2001-02இல் அழுத்தம் குறைக்கும் வால்வுகளை வைத்தே ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் கனமீட்டர் மிச்சமானது, உள்ளே போனதில் ஏறத்தாழ 40 விழுக்காடு. அங்கே பெரும்பகுதி வீட்டுக் கழிவறைத் தொட்டிகளில் ஒழுகியது. மீட்டருக்கு அப்பால் ஒழுகுவது வரையறைப்படி பயன்பாடு, கசிவிழப்பு அல்ல. அகராதியில் இந்த எல்லையைக் கட்டாயம் எழுதுங்கள்.

கு.

---

ந. எழுதியது:

'பதிவிழப்பு' என்றால் பதிவு ரத்தானது போலவும் கேட்கிறது. ஆனாலும் 'தோற்ற இழப்பை' விட எவ்வளவோ மேல், ஏற்கிறேன். இரவில் அளக்கும் அந்தக் குறைந்த ஓட்டத்துக்கு, அதாவது 'மினிமம் நைட் ஃப்ளோ'வுக்கு, 'நள்ளிரவு ஓட்டம்' வேண்டாம், அளப்பது விடியற்காலை. 'இரவுச் சிற்றோட்டம்' எனலாம்.

ந.

---

செ. எழுதியது:

பட்டியலில் ஏற்றப்போகும் வரைவு:

கட்டணமிடா நீர்: அமைப்புக்குள் விட்ட நீரில் கட்டணமிட்டது போக மீதி. கட்டணமிட்டு வசூலாகாதது இதில் சேராது. கட்டணமில்லாமல் அனுமதித்த பயன்பாடு, கசிவிழப்பு, பதிவிழப்பு மூன்றும் இதன் உறுப்புகள்.
கசிவிழப்பு: நுகர்வோர் மீட்டர் வரையிலான கசிவும் தொட்டி வழிதலும். மீட்டருக்கு அப்பாலான ஒழுகல் சேராது.
பதிவிழப்பு: நுகர்ந்தும் பதிவாகாத நீர். திருட்டு, மீட்டர் குறை, பதிவேட்டுப் பிழை.
கசிவு மடங்கு, அளவீட்டு வட்டாரம், இரவுச் சிற்றோட்டம்: கு., ந. தந்தபடி.

'ஸ்டெப் டெஸ்ட்' மீதி நிற்கிறது. இரவில் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, எந்தத் தெருவை மூடியதும் ஓட்டம் சட்டென்று விழுகிறது என்று பார்க்கும் சோதனை. 'படிச் சோதனை' என்றால் பாடம் படிப்பது போலிருக்கிறது. 'தெருமூடல் சோதனை' என்று போட்டிருக்கிறேன். மறுப்பிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

செ.